அந்த 40 வினாடி வீடியோ எங்களுடையதுதான்



கொஞ்சம் நீளமான பதிவு. தயவு செய்து முழுசா படிச்சிட்டு அப்புறம் பகிருங்க. பாதியில் நிறுத்திட்டு பகிர்ந்ததால் வந்த வினைதான் இது.

"கருடாழ்வார் தரையிறங்கி நடந்து வந்து அம்மனை வணங்கிய அதிசயம்" என்ற தலைப்பில் ஒரு வீடியோ இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அறுத்து முடித்த வயல். செம்பருந்து ஒன்று கோழி மாதிரி தத்தித் தத்தி நடந்து போகிறது. அது போகும் திசையில், தென்னை மரங்களுக்குப் பின்னால் ஒரு கோபுரம் தெரிகிறது. பின்னணியில் நாதஸ்வரம்.

அந்த வயல் பேராக் கிரியான் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கோபுரம் எங்கள் கோயில் கோபுரம். அந்த வீடியோவை எடுத்ததும் நாங்கள்தான், கோயில் தொண்டூழியர்கள். நாதஸ்வரம் மட்டும் யார் சேர்த்தது என்று தெரியவில்லை.

நாங்கள் எடுத்த வீடியோ 3 நிமிடத்துக்கு மேல் ஓடும். சுற்றுவது அதில் நடுவே வெட்டிய 40 வினாடி. வெட்டியவர் வெளியாள் இல்லை. எங்கள் குழுவில் ஒருவர்தான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கும்பாபிஷேகத் திருப்பணிக்கு நாலு பேர் உதவட்டும் என்று செய்தார். அவரை யாரும் ஏச வேண்டாம். வீடியோ வந்த அன்றைக்கே எங்களில் பலருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் தப்பு எங்கள் எல்லோருடையதும்தான்.

நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறோம்.

கோயிலில் 4 மாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் பக்கத்து வயலுக்குப் போய் வைக்கோல் ஏற்றி வருவோம். வயல்காரர் ஒரு பாக்சிக். பல வருஷப் பழக்கம். காசு வாங்க மாட்டார். தைப்பூசத்துக்கும் பொங்கலுக்கும் நாங்கள் கொடுக்கும் பழங்களை மட்டும் வாங்கிக்கொள்வார். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு லெமாங் நமக்கு வரும்.

அன்று நாங்கள் லோரியோடு போனபோது கடைசித் துண்டு வயலில் அறுப்பு மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காத்திருந்தோம். அறுப்பு மெஷின் பின்னால் பறவைகள் கூடுவது நமக்குப் புதுசு இல்லை. உண்ணிக்கொக்குகள் எப்பவும் வரும். அந்தக் காலத்தில் மாட்டுக்கும் எருமைக்கும் பின்னால் நடந்த கொக்கு, இப்போது மெஷினுக்குப் பின்னால் நடக்கிறது. மாட்டுக் கால் பட்டால் நாலு வெட்டுக்கிளி கிளம்பும். மெஷின் போனால் வயலே கிளம்பும். தவளை, எலி, பூச்சி எல்லாம் ஒளிய இடம் இல்லாமல் வெளியே ஓடும். மைனாக்களும் அதுக்குத்தான் வருகின்றன.

நடுவில் பெரிய நாரைகள் கூட்டமாக நின்றன. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை. அலகைப் பாருங்கள், மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். தமிழில் இதுக்கு நத்தைகுத்தி நாரை என்று பெயர். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த நாரையை இங்கே பார்த்ததே இல்லை. நம் வயல்களில் இது கூட்டம் கூட்டமாகத் தெரிய ஆரம்பித்தது கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில்தான்.

இது வந்த காரணம் விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். சிப்புட் கொண்டாங் ஈமாஸ் என்ற நத்தை. தென் அமெரிக்காவில் இருந்து ஆசியாவுக்குக் கொண்டு வந்தது. மலேசியாவில் 1991இல் கண்டுபிடித்தார்கள். நெல் தண்டில் ரோஸ் கலரில் கொத்துக் கொத்தாக முட்டை ஒட்டியிருக்குமே, அது இதோடதுதான். இளம் நாற்றைத் தின்றே தீர்த்துவிடும். நத்தை பெருகின பிறகு நாரையும் தெற்கே இறங்கி வந்தது. நாரை ஓட்டை உடைப்பதில்லை. அலகு நுனியை உள்ளே விட்டு, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுக்கும். வரப்போரம் காலி ஓடுகள் முழுசாகக் கிடந்ததை நாங்களே பொறுக்கிப் பார்த்தோம்.

இதுவரை எல்லாம் வழக்கம்தான். அதுக்கப்புறம் பார்த்ததுதான் வழக்கம் இல்லை.

கொக்குகளுக்கு நடுவில் செம்பருந்து ஒன்று நின்றது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, மற்றதெல்லாம் செம்மண் நிறம். நம் கருடன். நமக்குத் தெரிந்த கருடன் வானத்தில் இருப்பவர். மேலே வட்டமிடுவார், கீழே பாய்ந்து நகத்தில் ஒன்றைக் கவ்விக்கொண்டு எழும்பி, பறந்தபடியே சாப்பிடுவார். இவர் சேற்றில் நடந்தார். இறக்கையைப் பாதி விரித்து, வைக்கோல் மேல் தத்தி, நின்று, மறுபடி தத்தி. மெஷின் 20 அடி முன்னால். பின்னால் கொக்குக் கூட்டம். கொக்கு கூட்டத்தோடு இவரும் ஒருத்தர்.

உடனே கைபேசியை எடுத்தோம். அதுதான் அந்த வீடியோ.

முழு வீடியோவில் என்ன இருக்கிறது என்று கேளுங்க. முதல் நிமிடத்தில் ஒரு கொக்கு தவளையைப் பிடிக்கிறது. கருடன் ஒரே தாவில் போய் அதைப் பிடுங்கிக்கொள்கிறார். கொக்கு கத்திக்கொண்டு விலகுகிறது. அப்புறம் கோயில் பக்கமாக நடக்கிறார். நீங்கள் பார்த்த 40 வினாடி அதுதான். மெஷின் வயல் முனைக்குப் போய்த் திரும்புகிறது. கருடனும் திரும்புகிறார். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, மெஷின் பின்னாலேயே வந்த வழியில் நடக்கிறார்.

அவர் வணங்க வரவில்லை. பசிக்கு வந்தார்.

செம்பருந்து கடற்கரை, ஆற்றுமுகம், சதுப்பு நிலம் பக்கம் அதிகம் வாழும் பறவை. கோலா குலா கடற்கரை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே போனால் பார்க்கலாம். பெரும்பாலும் செத்த மீன், நண்டு, தவளை, எலி, பூச்சி, இவைதான் உணவு. மற்ற பறவை பிடித்ததைப் பிடுங்குவதும் அதன் பழக்கம். வயலில் அன்று சாப்பாடு தரையில் கிடந்தது, வைக்கோலுக்கு அடியில் ஒளிந்திருந்தது, கொக்குகளும் பிடித்துத் தந்துகொண்டிருந்தன. பறந்து பிடிப்பதைவிட நடந்து பிடுங்குவது சுலபம். எங்களுக்குப் புரிந்த வரை அவ்வளவுதான்.

வீடியோ வெளியான மூன்றாவது நாள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்களில் இருந்து, பினாங்கில் இருந்து, கெடாவில் இருந்து. வாரக் கடைசியில் வரப்போரம் கார் நிறுத்த இடமில்லை. சிலர் பால் கொண்டு வந்து வயலில் ஊற்றினார்கள். மஞ்சள் குங்குமம் தூவினார்கள். கருடன் கீழே இறங்கவில்லை என்று ஒரு குடும்பம் ஒரு பை நிறைய கோழித்தோல் வாங்கி வந்து வீசியது. லங்காவியில் படகில் போனபோது அப்படித்தான் கூப்பிட்டார்களாம். அங்கேயே அந்தப் பழக்கம் வேண்டாம் என்று இயற்கை ஆர்வலர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். இங்கே வந்தது கருடன் இல்லை, காக்காயும் தெரு நாய்களும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாக்சிக் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தோம். இரண்டு இடத்தில் வரப்பு உடைந்திருந்தது. வாய்க்கால் ஓரம் கார் ஏறி மண் சரிந்திருந்தது. பிளாஸ்டிக் பால் பாட்டில்கள் மிதந்தன. வயலில் நாரை ஒன்றுகூட இல்லை. நத்தை பொறுக்க வந்த அத்தனையும் கூட்டத்துக்குப் பயந்து தூர வயலுக்குப் போய்விட்டன. அடுத்த போகத்துக்குத் தண்ணீர் விடும் முன்னால் அவை எவ்வளவு நத்தையைத் தின்கிறதோ, அவ்வளவு மருந்துச் செலவு பாக்சிக்குக் குறையும். அதுவும் போச்சு.

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. கைபேசியில் வீடியோவைக் காட்டி இப்படி எழுதியிருக்கிறது, அதனால்தான் வருகிறார்கள் என்று விளக்கினோம். பார்த்தார். சிரித்தார். "புருங் து சாரி மக்கான், சமா மச்சம் கீத்தா" என்றார். அந்தப் பறவை சாப்பாடு தேடுது, நம்மை மாதிரியே. அவ்வளவுதான் சொன்னார்.

நமக்குத் தெரிந்த உண்மையை, நம் சாமி மேல் நம்பிக்கை இல்லாத ஒருவர் வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டது.

அதே ராத்திரி இன்னொன்று நடந்தது. ஒருவர் போன் செய்தார். கும்பாபிஷேகம் எப்போ என்று கேட்டார். "அன்னைக்கு கருடன் வரணும்ல? கூண்டுல ஒண்ணு இருக்கு. கலசத்துல தண்ணி ஊத்துற நேரம் பாத்து பின்னால இருந்து திறந்து விட்டுடலாம். யாருக்கும் தெரியாது" என்றார். விலையும் சொன்னார்.

எங்களுக்குக் கை நடுங்கியது. காட்டுப் பறவையைப் பிடித்து வைப்பதும் விற்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். எங்களை உறைய வைத்தது வேறு. அவர் எங்களை ஏன் கூப்பிட்டார்? நாங்கள் அந்த மாதிரி ஆட்கள் என்று நினைத்துத்தானே? 40 வினாடியை வெட்டத் தெரிந்தவர்களுக்கு கூண்டு திறக்கவா தெரியாது என்றுதானே?

வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டோம். அன்று ராத்திரியே உட்கார்ந்து பேசினோம். இரண்டு கட்சி ஆனது. மறைக்க ஒன்றும் இல்லை.

ஒரு கட்சி சொன்னது: "விடுங்க. சனங்க நம்பிக்கையில குறுக்க நிக்க வேணாம். காசும் வருது, கோபுரமும் முடியும். யாருக்கு நஷ்டம்?" இன்னொரு கட்சி சொன்னது: "பாக்சிக்கு நஷ்டம். பறவைக்கு நஷ்டம். நாளைக்கு இது பொய்னு வெளிய வந்தா அம்மன் பேருக்கும் நஷ்டம்."

விடிய விடிய பேச்சு. கடைசியில் வயதில் மூத்த ஒரு பாட்டி, கோயிலில் பூ கட்டுபவர், கேட்டார்: "அம்மன் பெரிசா இருக்க பொய் வேணுமாடா?" அதுக்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

கருடன் கும்பாபிஷேகத்தில் வட்டமிடுவதை நாங்களும் பார்த்திருக்கிறோம். மயிர்க்கூச்சு எடுக்கும். கோவிந்தா என்று கத்துவோம். காலை வெயில் ஏறும்போது தரை சூடாகி காற்று மேலே எழும்பும், சிறகை அடிக்காமல் பருந்து அதில் வட்டமிடும் என்பது எங்களுக்கும் தெரியும். முகூர்த்தமும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். தெரிந்தாலும் கண் கலங்கத்தான் செய்கிறது. காரணம் தெரிந்தால் பக்தி குறையும் என்று யார் சொன்னது? மழை எப்படிப் பெய்கிறது என்று பள்ளியில் படித்தோம். இன்னும் மழைக்குப் பூஜை போடுகிறோம்.

தமிழ்நாட்டில் திருக்கழுக்குன்றம் என்று ஒரு மலைக்கோயில். தினமும் உச்சி நேரத்தில் இரண்டு பறவைகள் வந்து குருக்கள் கையால் சாப்பிட்டுப் போகும் என்று பேர் போன தலம். அவை கருடன் இல்லை, மஞ்சள்முகப் பாறு என்ற கழுகு வகை. எங்கள் தாத்தா காலத்தில் இந்தியா போனவர்கள் பார்த்ததாகச் சொல்வார்கள். 1990களுக்குப் பிறகு அவை அங்கே வருவதில்லை. கலியுகம் முற்றிவிட்டது, பாவம் கூடிவிட்டது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே வராமல் போன காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல நாங்கள் ஆள் இல்லை. ஆனால் அதே வருஷங்களில் இந்தியா முழுக்கப் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகு செத்தது. மாட்டுக்கு அந்த மருந்தைப் போட 2006இல் இந்தியா தடை போட்டது. அதுக்குள் பெரும்பகுதி போய்விட்டது.

நம் பக்கம் திரும்பிப் பாருங்க. எலிக்கு விஷம் வைக்கிறோம். விஷம் தின்ற எலி உடனே சாகாது. தடுமாறிக்கொண்டு வெளியே வரும். அதை யார் தூக்குவார்? ஆந்தை தூக்கும். பருந்து தூக்கும். செம்பனைத் தோட்டத்திலும் வயலிலும் பெட்டி கட்டி ஆந்தை வளர்ப்பதே எலி பிடிக்கத்தான். அதுக்கும் சேர்த்து நாமே விஷம் வைத்தால்? வானத்தில் கருடன் வரவில்லையே என்று அண்ணாந்து பார்த்து அழுவதில் என்ன பிரயோஜனம், கீழே அவர் தட்டில் விஷம் இருக்கும்போது?

இன்னொரு கோயில் கதையும் உண்டு. தாய்லாந்தில் வாட் பாய் லோம் என்று ஒரு புத்தர் கோயில், பாங்காக் பக்கத்தில், பதும் தானி மாநிலத்தில். நம் வயலுக்கு வரும் அதே நத்தைகுத்தி நாரை அந்தக் கோயில் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியது. வெளியே வேட்டைக்குப் பயந்த காலத்தில் அது தப்பிப் பிழைத்த முக்கியமான இடம் அந்தக் கோயில் வளாகம். தாய்லாந்தில் காலில் வளையம் மாட்டி விட்ட ஒரு நாரை 1500 கிலோமீட்டர் தள்ளி பங்களாதேஷில் கிடைத்திருக்கிறது. அந்தத் துறவிகள் பறவையை வைத்து அதிசயக் கதை சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மரத்தை வெட்டாமல் விட்டார்கள், சுட வந்தவனை உள்ளே விடவில்லை. இன்று பாக்சிக் வயலில் நத்தை பொறுக்கும் நாரைக்கு அந்தக் கோயிலோடு உறவு இருந்தாலும் இருக்கலாம். ஒரு கோயில் ஒரு பறவைக்குச் செய்யக்கூடிய பெரிய தொண்டு இதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது.

ஆகவே, நிர்வாகத்தோடு பேசி நாங்கள் எடுத்த முடிவுகள்:

1. வெட்டிய வீடியோவை எங்கள் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டோம். முழு வீடியோவும் இந்தப் பதிவோடு இருக்கிறது. கருடன் திரும்பி நடப்பதையும் பாருங்க.

2. அந்த வீடியோவைப் பார்த்து நன்கொடை அனுப்பியவர்களுக்கு: மொத்தம் 2,340 வெள்ளி வந்தது. அதைத் தொடாமல் தனியாக வைத்திருக்கிறோம். திருப்பி வேண்டும் என்றால் ரசீதோடு அலுவலகத்துக்கு வாங்க, ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். உண்மை தெரிந்த பிறகும் திருப்பணிக்கு இருக்கட்டும் என்று நினைத்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. சொல்லாதவர்கள் பணத்தைச் சேர்க்க மாட்டோம்.

3. உடைந்த வரப்பைப் போன சனிக்கிழமை நாங்களே கட்டிக் கொடுத்தோம். 11 பேர், மண்வெட்டியோடு. பாக்சிக் வேண்டாம் வேண்டாம் என்றார், பிறகு தேத்தாரேக் வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீடியோ ஆசாமிதான் அன்று முதலில் சேற்றில் இறங்கியவர்.

4. தயவு செய்து வயலுக்கு வராதீங்க. பால், குங்குமம், கோழித்தோல் எதுவும் வேண்டாம். பார்க்க ஆசை இருந்தால் ரோட்டோரம் தூர நின்று பாருங்க. பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுங்க, அது நல்லது.

5. கோயில் வளாகத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் எலி விஷம் வைப்பதை நிறுத்திவிட்டோம். கூண்டுப் பொறிதான். தீவனத்தை மூடி வைக்கிறோம். வேலை கொஞ்சம் கூடுகிறது, பரவாயில்லை.

6. கும்பாபிஷேகத்தன்று கருடன் வந்தால் கும்பிடுவோம். வராவிட்டாலும் கும்பாபிஷேகம் நடக்கும். கூண்டில் இருந்து எதுவும் பறக்காது.

இதைப் படித்துவிட்டு சிலருக்கு எங்கள் மேல் கோபம் வரும். "நீங்களே சாமிய விட்டுக் குடுக்குறீங்களா" என்று கேட்பீர்கள். இல்லைங்க. அன்று வயலில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். பெருமாளைச் சுமக்கிறவர் என்று நாம் கும்பிடும் பறவை, முழங்கால் சேற்றில், கொக்கோடு சண்டை போட்டு ஒரு தவளைக்காக நடந்தது. பார்க்க அழகாக இல்லை. வயிறு ஒட்டியிருந்ததா என்றுதான் எங்கள் கண் போனது. அதுக்கப்புறம் அன்னதானத்தில் வரிசையில் நிற்கும் யாரையும் நாங்கள் பழைய மாதிரி அதட்டவில்லை.

போன வெள்ளிக்கிழமை மிச்ச வைக்கோல் ஏற்றப் போனோம். கூட்டம் குறைந்திருந்தது. நாரைகள் திரும்பியிருந்தன, ஒரு முப்பது நாற்பது இருக்கும். கருடனைக் காணோம். லோரி கிளம்பும்போது பாக்சிக் மேலே கை காட்டினார். ரொம்ப உயரத்தில் ஒன்று வட்டமிட்டது. அவரா, வேறொருவரா, தெரியாது. இந்த முறை யாரும் கைபேசியை எடுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வைக்கோலோடு வந்துவிட்டோம்.

பழைய வீடியோ உங்களுக்கு யார் அனுப்பினாலும், இந்தப் பதிவை அவர்களுக்குத் திருப்பி அனுப்புங்க. அது ஒன்றுதான் நாங்கள் கேட்கும் உதவி.

ஓம் சக்தி.

கோயில் தொண்டூழியர்கள்